கீழ் கார்டு பாதிதான் வேலை செய்கிறது, எடையைக் குறைக்கலாமா? (18 மீட்டர் ஷட்டில் கூரை)

ஷட்டில்பைத்தியம் (திங்கள், இரவு 9.40)

எல்லோருக்கும் வணக்கம். செங்குன்றம் பக்கத்தில் ஒரு இன்டோர் ஷட்டில் கோர்ட்டுக்குக் கூரை டிசைன் செய்துகொண்டிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம்தான் ஆகிறது, எனவே அபத்தமாக ஏதாவது கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பான் 18 மீட்டர், நீளம் 36, சுவர் உயரம் 9. ஆறு மீட்டருக்கு ஒன்றாக மொத்தம் ஏழு ட்ரஸ் (குழாய்களைக் கோத்துச் செய்த கூரைச் சட்டம்). எல்லாம் சதுரக் குழாய், ஒய்எஸ்டி 310 ரக எஃகு. மேல் கார்டும் கீழ் கார்டும் (ட்ரஸின் மேல், கீழ் நீளக் குழாய்கள்) இணையாகப் போகின்றன, ஆழம் ஒன்றரை மீட்டர், சரிவு 10 டிகிரி. கீழ் கார்டு 80×80×4 மிமீ. ஷீட், பர்லின் (ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டம்), ட்ரஸ் எல்லாம் சேர்த்து சதுர மீட்டருக்கு 20 கிலோதான் வருகிறது, அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.

பாரம் கீழ்நோக்கி வரும்போது கீழ் கார்டில் 170 கிலோநியூட்டன் இழுவிசை, ரேஷியோ (வரும் விசை ÷ தாங்குதிறன்) 0.51. காற்று மேலே தூக்கும்போது 233 அழுத்தம், ரேஷியோ 0.84. ஃபேப்ரிகேட்டர் என்ன சொல்கிறார் என்றால், கீழ் கார்டுகளை ட்ரஸுக்கு ட்ரஸ் இணைக்கும் டை பைப் எல்லாம் வேஸ்ட், யாருமே போடுவதில்லை, எடுத்துவிடலாம் என்கிறார். ஓனருக்கு இன்னும் எடை குறைய வேண்டும். ஸ்டாட் சாஃப்ட்வேரில் டையை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன், ரேஷியோ ஒரு புள்ளிகூட மாறவில்லை. அப்படியானால் எடுத்துவிடலாம்தானே?

பழைய ஸ்லைட்ரூல் (திங்கள், இரவு 10.05)

தம்பி, ரேஷியோ மாறவில்லை என்பதுதான் இங்கே ஆபத்து. ஒரு கம்பைப் பக்கவாட்டில் பிடித்துக்கொண்டிருந்த கையை எடுத்துவிட்டீர்கள், அது தாங்கும் அழுத்தம் குறைய வேண்டாமா? குறையவில்லை என்றால் அந்தக் கை இருந்ததே சாஃப்ட்வேருக்குத் தெரியாது என்று அர்த்தம். நீங்கள் எவ்வளவு நீளம் கொடுத்தீர்கள் என்று பாருங்கள்.

மலர்_ஸ்டீல் (திங்கள், இரவு 10.31)

சார் சொல்வதை விரித்துச் சொல்கிறேன். நீளம் எதுவும் கொடுக்காவிட்டால் ஸ்டாட் ஒரு கணுவிலிருந்து அடுத்த கணு வரைக்கும் உள்ள தூரத்தையே பக்லிங் (அழுத்தத்தில் உறுப்பு வளைந்து விலகுவது) நீளமாக எடுத்துக்கொள்ளும், இரண்டு திசைக்கும். உங்கள் ட்ரஸில் அது ஒன்றரை மீட்டர். ட்ரஸின் தளத்துக்குள் அது சரிதான், மூலைவிட்டங்கள் ஒன்றரை மீட்டருக்கு ஒருமுறை பிடித்துக்கொள்கின்றன. ஆனால் பக்கவாட்டில், அதாவது ட்ரஸைவிட்டு வெளியே விலகும் திசையில், கீழ் கார்டைப் பிடிக்க என்ன இருக்கிறது? மேல் கார்டைப் பர்லின் பிடிக்கிறது. கீழ் கார்டைப் பிடிப்பது நீங்கள் தூக்கியெறியப் போகிற டை மட்டும்தான்.

கணக்கைக் கையாலேயே போட்டுப் பாருங்கள். 80×80×4க்குப் பரப்பு சுமார் 1175 சதுர மில்லிமீட்டர், சுழற்சி ஆரம் (ரேடியஸ் ஆஃப் கைரேஷன்) 31 மில்லிமீட்டர். நீளம் 1.5 மீட்டர் என்றால் மெலிவு (நீளம் ÷ அந்த ஆரம்) 48, எஃகுக் கட்டுமானத்துக்கான இந்திய நெறிமுறை ஐஎஸ் 800இன் பி வளைவில் தாங்குதிறன் 276 கிலோநியூட்டன். உங்கள் 0.84 இங்கிருந்துதான் வருகிறது. டை 3 மீட்டருக்கு ஒன்று இருந்தால் மெலிவு 97, தாங்குதிறன் 155. டை 6 மீட்டருக்கு ஒன்று என்றால் மெலிவு 194, வெறும் 49 கிலோநியூட்டன். வருவதோ 233. டையே இல்லாவிட்டால் 18 மீட்டருக்கு மெலிவு 580, அதற்குக் கணக்கே போட வேண்டாம்.

சொல்ல விட்டுப்போனது ஒன்று. ஐஎஸ் 800இல் கூரை ட்ரஸில் இழுவிசை உறுப்பாக இருந்து காற்றினால் மட்டும் விசை திரும்பும் உறுப்புக்கு மெலிவு 350 வரைக்கும் போகலாம் என்று ஒரு வரி இருக்கிறது. நிறைய பேர் 194 என்பது 350க்குக் கீழே, ஓகே என்று டிக் அடித்துவிடுவார்கள். அது மெலிவுக்கான வரம்பு மட்டும்தான். அழுத்தத்தைத் தாங்குமா என்பதை அது சொல்லாது. நானே முதல் வருடத்தில் அப்படி டிக் அடித்தேன், என் சீனியர் அந்தத் தாளை என் மேசையில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் டீ குடிக்கப் போய்விட்டார். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலாம் போலிருந்தது.

ஷட்டில்பைத்தியம் (திங்கள், இரவு 10.50)

ஐயோ. அக்கா, அப்படியானால் டை இருந்தாலும் பாஸ் ஆகவில்லையே? 3 மீட்டருக்குப் போட்டால்கூட 155தானே.

மலர்_ஸ்டீல் (திங்கள், இரவு 10.52)

ஆமாம். செக்‌ஷனும் மாற வேண்டும், டையும் வேண்டும்.

காற்றுவாக்கில் (செவ்வாய், காலை 7.15)

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். அந்த 233 எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லையே. சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகம் வினாடிக்கு 50 மீட்டர். அதன் வர்க்கத்தை 0.6ஆல் பெருக்கினால் சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன். ட்ரஸ் பெரிய பரப்பிலிருந்து பாரம் வாங்குவதால் அதற்கும், பல பரப்புகளின் காற்றுப் பாரம் சேரும் சேர்க்கைக்கும் குறைப்பு கொடுத்தால் 0.72 மடங்கு, 1.08. 10 டிகிரி சரிவுக்குக் காற்றழுத்தக் குணகம் காற்று வரும் பக்கம் மைனஸ் 1.2, மறுபக்கம் மைனஸ் 0.4 (மைனஸ் என்றால் உறிஞ்சல்). நடுவில் வரும் வளைவு மொமென்டுக்குச் சராசரி போதும், 0.8. தம்பி உள் அழுத்தத்துக்கு 0.2 எடுத்திருக்கிறார் என்று நினைக்கிறேன், மொத்தம் 1.0. அப்படிப் போட்டால்தான் 233 வருகிறது.

உள் அழுத்தம் 0.2 என்பது சுவர்ப் பரப்பில் திறப்பு 5 சதவீதத்துக்குள் இருந்தால் மட்டும். கோர்ட்டுக்கு எத்தனை கதவு, எத்தனை ஜன்னல்?

ஷட்டில்பைத்தியம் (செவ்வாய், காலை 8.02)

இரண்டு ரோலிங் ஷட்டர், ஒவ்வொன்றும் 4×4. ஷட்டர் மூடித்தான் இருக்கும் என்று 0.2 எடுத்தேன். அப்புறம் இரண்டு நீளச் சுவரிலும் மேலே முழு நீளத்துக்கு 60 செமீ லூவர் (சாய்ந்த பட்டைகள் வைத்த திறப்பு) வருகிறது, காற்றோட்டத்துக்கு.

காற்றுவாக்கில் (செவ்வாய், காலை 8.20)

லூவர் 43 சதுர மீட்டர். ஷட்டர் 32. மொத்தம் 75. சுவர்ப் பரப்பு ஏறக்குறைய 1000. ஏழரை சதவீதம். 5க்கும் 20க்கும் நடுவில், எனவே 0.5.

ஷட்டர் மூடியிருக்கும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். புயலில் முதலில் பிதுங்கி உள்ளே விழுவது ரோலிங் ஷட்டர்தான், அதன் ஓரம் பக்கச் சட்டத்திலிருந்து நழுவினால் போதும். 2016 டிசம்பர் 12 வர்தா அன்று மாதவரம் பக்கத்தில் ஒரு கோடவுனில் இருந்தேன். ஷட்டர் பிய்ந்து உள்ளே வந்த அடுத்த நிமிடம் பின்பக்க மூலையில் ஷீட் பலூன் மாதிரி உப்பியது. உள்ளே இருந்து தள்ளு, வெளியே இருந்து இழு, இரண்டும் சேர்ந்துகொண்டன. எனக்குக் காது அடைத்துக்கொண்டது, விமானத்தில் இறங்கும்போது அடைக்குமே அந்த மாதிரி.

0.5 என்றால் மொத்தம் 1.3. காற்றுக்கு 1.5 மடங்கு, சொந்த எடைக்கு 0.9 மடங்கு என்று சேர்த்தால் நிகரமாக மேலே தூக்குவது சதுர மீட்டருக்கு 1.93 கிலோநியூட்டன். உங்கள் கூரையின் எடை 0.2. தன் எடையைப்போலப் பத்து மடங்கு கிட்ட விசை அதை மேலே தூக்கப் பார்க்கிறது. எனவே கீழ் கார்டில் அழுத்தம் 312, 233 இல்லை.

வெல்டர் மகன் (செவ்வாய், காலை 9.10)

கான்ட்ராக்டர் தரப்பிலிருந்தும் ஒருத்தர் பேச வேண்டுமே. நாங்கள் டை போடாமல் எத்தனையோ கூரை போட்டிருக்கிறோம், எல்லாம் நிற்கின்றன. 20 வருடமாக. படித்தவர்கள் பேப்பரில் விழவைக்கிற ட்ரஸ் எல்லாம் தரையில் ஜம்மென்று நிற்கிறதே, அது எப்படி?

பழைய ஸ்லைட்ரூல் (செவ்வாய், காலை 9.48)

நல்ல கேள்வி, கிண்டலாகச் சொல்லவில்லை. பழைய கூரைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தது, ஓடு இருந்தது, ஆங்கிள் ட்ரஸ் கனமாக இருந்தது. சரிவும் அதிகம். காற்று தூக்குவதில் ஒரு நல்ல பங்கை அந்த எடையே தின்றுவிடும், கீழ் கார்டுக்கு வரும் அழுத்தம் அந்த அளவுக்குக் குறையும். அந்த எடை சும்மா கிடக்கவில்லை. பிடித்து உட்கார வைத்தது, அதிர்வை அடக்கியது, வெல்டர் விட்ட பிழையை மன்னித்தது. இப்போது ஓடுகளை எடுத்துவிட்டு அரை மில்லிமீட்டர் ஷீட் போடுகிறோம். அந்த எடை செய்த வேலைகளை ஒவ்வொன்றாகக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. டை அதில் ஒன்று.

உங்கள் கூரை நிற்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதற்கு அந்தக் காற்று இன்னும் வரவில்லை.

நீளத்தைத் தப்பாக எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் காலத்துக் கதை ஒன்று. அமெரிக்காவில் ஹார்ட்ஃபோர்டு நகரத்து விளையாட்டரங்கம். 91க்கு 110 மீட்டர் கூரை, ஸ்பேஸ் ஃப்ரேம் (முப்பரிமாணக் கம்பிக்கூடு), எடை 1400 டன். கம்ப்யூட்டரில் டிசைன் செய்தார்கள், அந்தக் காலத்தில் அது புதுசு, பணம் மிச்சம் என்று பேச்சு. கூரையைத் தரையில் வைத்துக் கோத்துத் தூக்கினார்கள். தொய்வை அளந்து பார்த்தால் கணக்கில் சொன்னதைப்போல இரண்டு மடங்கு. கவலைப்பட ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டார்கள். 1978 ஜனவரி 18 விடியற்காலை நாலே கால் மணி வாக்கில் பனி பாரத்தோடு மொத்தமும் கீழே வந்தது. அதற்குச் சில மணி நேரம் முன்புதான் அங்கே கூடைப்பந்து பார்த்துவிட்டு 5000 பேர் கலைந்து போயிருந்தார்கள். ஒரு உயிர்ச்சேதமும் இல்லை.

பிறகு ஆராய்ந்தால், 30 அடி நீள மேல் கார்டு உறுப்புகளை நடுவில், 15 அடியில், பக்கவாட்டில் பிடித்திருப்பதாகக் கணக்கு. ஓரத்து உறுப்புகளில் அந்தப் பிடிப்பு நிஜத்தில் போதுமானதாக இல்லை. தம்பி செய்ததும் இதே தப்பின் குட்டிதான்.

வெல்டர் மகன் (செவ்வாய், காலை 10.15)

சரி, ஒத்துக்கொள்கிறேன். தொய்வு இரண்டு மடங்கு வந்தும் விட்டார்கள் என்பதுதான் வயிற்றைக் கலக்குகிறது. நாங்கள் தொய்வை அளப்பதே இல்லை.

டப்பா ஆராய்ச்சி (செவ்வாய், மதியம் 1.30)

ஷெல், அதாவது மெல்லிய வளைந்த சுவர்களின் பக்லிங்கில் வேலை செய்கிறேன். இந்த இழையைப் பார்த்ததும் கை அரிக்கிறது, தலைப்பைவிட்டு கொஞ்சம் விலகினால் மன்னியுங்கள்.

காலியான கூல்டிரிங்ஸ் டப்பா ஒன்றை எடுத்து நிமிர்த்தி வையுங்கள். சுவர்க் கனம் சுமார் 0.1 மில்லிமீட்டர், ஆரம் 33. பாடப்புத்தகச் சூத்திரம்: மீள்தன்மைக் குணகத்தை 0.605ஆல் பெருக்கி, அதைக் கனத்தால் பெருக்கி ஆரத்தால் வகுக்க வேண்டும். அலுமினியத்துக்கு 128 மெகாபாஸ்கல், அதாவது அந்தக் காகிதம் போன்ற டப்பா 270 கிலோ தாங்க வேண்டும். நிஜத்தில் ஒருபோதும் தாங்காது. சுவர் ஒரு முடியளவு நெளிந்திருந்தாலும் போதும், மளமளவென்று இறங்கிவிடும். இது ஏன் என்று 1941இல் வான் கார்மானும் சியனும் எழுதினார்கள், 1945இல் கோய்ட்டர் என்ற டச்சுக்காரர் முழுமையாக விளக்கினார். 1960களில் நாசா சோதனைப் புள்ளிகளையெல்லாம் திரட்டி அவற்றுக்குக் கீழே ஒரு வளைவு வரைந்து, சூத்திரத்தின் விடையை இந்த அளவுக்குக் குறைத்துக்கொள் என்று சொல்லிவிட்டது. டப்பாவுக்கு அது 0.39. ஆக 105 கிலோ.

செய்தே பார்க்கலாம். ஒல்லியான நண்பர் ஒருவரைச் சுவரைப் பிடித்துக்கொண்டு டப்பாவின் மேல் ஒற்றைக் காலில் மெதுவாக ஏறச் சொல்லுங்கள். டப்பா புதிதாக, நெளியாமல் இருந்தால் நிற்பார். இப்போது இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஒரு குச்சியால் லேசாகத் தொடுங்கள். விரலால் தொட வேண்டாம், எங்கள் லேபில் ஒருத்தனுக்கு நகம் போனது.

இதை இங்கே சொல்லக் காரணம், அடுத்து நீங்கள் ஸ்டாட்டில் பக்லிங் அனாலிசிஸ் ஓட்டி 4.2 மடங்கு என்று ஒரு எண் வந்ததும் நிம்மதியாகப் படுக்கப் போவீர்கள். அந்த எண் நெளிவே இல்லாத, நேர்கோடான, கற்பனையான ட்ரஸுக்கு உரியது. ட்ரஸ் உறுப்புக்கு நிலைமை டப்பா அளவுக்கு மோசமில்லை, ஐஎஸ் வளைவுக்குள்ளேயே நெளிவு அடங்கிவிடுகிறது, அதனால் அக்கா போட்ட கைக்கணக்கு போதும். ஆனால் வளைந்த மெல்லிய கூரை, பெரிய சைலோ, தண்ணீர்த் தொட்டி என்று போனால் முதலில் நெளிவை மாடலில் போட்டுவிட்டு, உருமாறிய வடிவத்திலேயே சமநிலை பார்க்கும் கணக்கை ஓட்டுங்கள்.

கொடிக்கம்பம் (செவ்வாய், மதியம் 2.05)

துணிக்கூரை ஆட்களுக்கு இந்தத் தலைவலி இல்லை. துணிக்கு அழுத்தமே தெரியாது, தளர்ந்துவிடும், அவ்வளவுதான். சேப்பாக்கம் ஸ்டேடியத்து வெள்ளைக் கூரையைப் பாருங்கள், என்ன அழகு. ஜெட்டா ஹஜ் முனையத்தில் 45 மீட்டர் சதுரத்துக்கு ஒன்றாக 210 கூடாரம். ஷட்டில் கோர்ட்டுக்கும் அதையே போடலாமே?

மலர்_ஸ்டீல் (செவ்வாய், மதியம் 2.40)

போடலாம், ஓனர் காசு கொடுத்தால். அழுத்தம் தெரியாது என்கிறீர்கள், ஆனால் அந்தத் துணியை இழுத்து வைத்திருக்கிற விசையெல்லாம் எங்கே போகிறது? கம்பத்துக்கும் ஆங்கருக்கும்தான். ஃப்ரை ஓட்டோ சோப்புப் படலத்தை வைத்து வடிவம் கண்டுபிடித்தார் என்று எல்லோரும் சொல்வார்கள். மியூனிக்கில் 1972 ஒலிம்பிக் கூரைக்குப் பின்கட்டுக் கேபிள்களின் முனையில் பூமிக்குள் எவ்வளவு கான்கிரீட் போனது என்பதை யாரும் போட்டோ எடுப்பதில்லை. அந்தக் கூரை அனுபவத்திலிருந்துதான் லிங்க்விட்ஸும் ஷேக்கும் இந்த மாதிரிக் கூரைக்கு வடிவம் கணக்கிடும் விசை அடர்த்தி முறையையே கொண்டுவந்தார்கள். தனி இழை தொடங்குங்கள், நான் வருகிறேன்.

ஷட்டில்பைத்தியம் (செவ்வாய், இரவு 11.20)

எல்லோருக்கும் நன்றி. இன்றைக்கு முழுக்க உட்கார்ந்து திரும்பப் போட்டேன். 100×100×5, டை 3 மீட்டருக்கு ஒன்று: தாங்குதிறன் 317, வருவது 312. ரேஷியோ 0.98. பாஸ்!

பழைய ஸ்லைட்ரூல் (புதன், காலை 6.30)

கார்டு 10 டிகிரி சாய்ந்திருக்கிறதே, 312 என்பது அதன் கிடைக்கூறு. சாய்வு வழியாகப் பார்த்தால் அதுவே 317. உங்கள் 0.98 இப்போது 1.00. குழாயின் கனத்தில் ஆலை கொஞ்சம் குறைத்து அனுப்பினால்? டையும் கார்டும் சேருமிடத்தில் அரை அங்குலம் தள்ளி வெல்டு வைத்தால்? மெல்லிய கட்டமைப்பில் கடைசி இரண்டு சதவீதத்தைச் செலவழிக்காதீர்கள்.

ஷட்டில்பைத்தியம் (புதன், காலை 9.15)

சார், 100×100×6 போட்டேன். தாங்குதிறன் 369, ரேஷியோ 0.86. ஒரு ட்ரஸுக்கு 140 கிலோ கூடுகிறது. ஏழு ட்ரஸுக்கும் ஒரு டன் கிட்ட. ஓனரிடம் சதுர மீட்டருக்கு ஒன்றரை கிலோ கூடுகிறது என்று சொல்லப் போகிறேன், டன் என்று சொன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார்.

வெல்டர் மகன் (புதன், காலை 9.40)

தம்பி, டையைப் போட்டுவிட்டு அதன் கடைசி முனையை எங்கே கட்டப் போகிறீர்கள்? எங்கள் பட்டறையில் ஒருமுறை வரைபடத்தில் டை இருந்தது, கீழ் கார்டு மட்டத்தில் குறுக்கு பிரேசிங் மட்டும் எங்கேயும் இல்லை. பெரியவர் ஒருத்தர் பார்த்துவிட்டு, ஏழு ட்ரஸும் கைகோத்துக்கொண்டு ஒரே பக்கமாகக் கும்மியடிக்கப் போகிறது என்றார். அன்றைக்குச் சிரித்தோம், இப்போதுதான் புரிகிறது.

அதைவிட முக்கியம், முதல் ட்ரஸ். ஹைட்ரா கிரேனால் தூக்கி முதல் ட்ரஸை நிறுத்தியதும் அதைப் பிடிக்க ஒன்றும் இருக்காது, பர்லின் இன்னும் வரவில்லை. ஒரு சைட்டில் ரோப் போடாமல் ஹைட்ரா கொக்கியைக் கழற்றிவிட்டார்கள். காற்று என்று சொல்லும்படி ஒன்றும் அடிக்கவில்லை. ட்ரஸின் நடுப்பகுதி அப்படியே பக்கவாட்டில் ஒரு பாம்பு மாதிரி நெளிந்தது, நெளிந்துகொண்டே இருந்தது, அப்புறம் சாய்ந்தது. மேலே யாரும் ஏறியிருக்கவில்லை. இரண்டு பக்கமும் ரோப், முதல் இரண்டு ட்ரஸுக்கு நடுவில் பர்லினும் பிரேசிங்கும் மொத்தமும் முடிந்த பிறகுதான் கொக்கியைக் கழற்ற வேண்டும். வரைபடத்திலேயே எழுதிக் கொடுங்கள், வாயால் சொன்னால் மதியத்துக்குள் மறந்துவிடுவோம்.

மலர்_ஸ்டீல் (புதன், காலை 10.10)

இது போதும், இந்த ஒரு பதிவுக்காகவே இழையைச் சேமித்து வைக்கலாம். இரண்டு கடைசி பே-யிலும் (இரண்டு ட்ரஸுக்கு நடுவில் உள்ள பகுதி) கீழ் கார்டு மட்டத்தில் குறுக்கு பிரேசிங் போடுங்கள், டையின் விசை அங்கே போய்ச் சுவரோரத் தூண் வழியாக இறங்கட்டும். அல்லது பர்லினிலிருந்து கீழ் கார்டுக்குச் சாய்வாக ஒரு ஆங்கிள். உங்கள் ஆழம் ஒன்றரை மீட்டர் என்பதால் அது நீளமாகிவிடும், டை மேல்.

காற்றுவாக்கில் (புதன், காலை 11.00)

ட்ரஸ் முடிந்தது. ஷீட்? மூலையிலும் ஓரத்திலும் காற்று உறிஞ்சுவது நடுவில் இருப்பதைவிட அதிகம், அங்கே ஸ்க்ரூவை நெருக்கமாகப் போட வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே இடைவெளி போடுவது நம் ஊர் வழக்கம்.

1974 கிறிஸ்துமஸ் அன்று டார்வின் நகரத்தை ட்ரேசி புயல் சூறையாடியது, வீடுகளில் எழுபது சதவீதம் போனது. போன தகரங்களை எடுத்துப் பார்த்தால் ஸ்க்ரூ இருந்த இடத்தைச் சுற்றி விரிசல். பிய்த்துக்கொண்டு போகவில்லை. காற்று தூக்கித் தூக்கி விட்டதில், கம்பியை மடித்து மடித்து ஒடிப்போமே அந்த மாதிரி, உலோகம் களைத்துப் போயிருக்கிறது. ஒருமுறை இழுத்துச் சோதித்தபோது தாங்கிய அதே தகரம். அதற்கப்புறம்தான் ஆஸ்திரேலியாவில் கூரைத் தகரத்தை ஆட்டி ஆட்டிச் சோதிக்கும் வழக்கம் வந்தது, டவுன்ஸ்வில்லில் அதற்கென்றே ஒரு சோதனை நிலையம். ஸ்க்ரூ வாங்கும்போது வாஷரையும் பாருங்கள், ரப்பர் மட்டும் இருப்பது, இரும்புத் தட்டோடு இருப்பது என்று இரண்டு உண்டு. ஓனர் முதலாவதைத்தான் வாங்கி வருவார்.

பழைய ஸ்லைட்ரூல் (புதன், மாலை 5.45)

ஆங்கரும் ஃபுட்டிங்கும் (தூணின் அஸ்திவாரம்) யாரும் கேட்கவில்லை. 1.93ஐ 6ஆலும் 9ஆலும் பெருக்குங்கள். ஒரு தூணைப் பூமியிலிருந்து பிடுங்க வருவது 104 கிலோநியூட்டன். ஃபுட்டிங் என்ன அளவு?

ஷட்டில்பைத்தியம் (புதன், மாலை 6.20)

ஒன்றரை மீட்டர் சதுரம், ஆழம் ஒன்றரை, கனம் 450 மிமீ. கீழ்நோக்கிய பாரம் ரொம்பக் கம்மி என்பதால் இதுவே அதிகம் என்று நினைத்தேன். இப்போது பார்த்தால் கான்கிரீட்டும் மேல் மண்ணும் சேர்ந்து 66தான். இரண்டு மீட்டர் சதுரமாக்கினால் 119, அதில் 0.9 எடுத்தால் 107. தாங்கிவிடும்.

பழைய ஸ்லைட்ரூல் (புதன், மாலை 6.41)

புயல் எந்த மாதத்தில் வரும்?

ஷட்டில்பைத்தியம் (புதன், மாலை 6.43)

நவம்பர், டிசம்பர்.

பழைய ஸ்லைட்ரூல் (புதன், மாலை 6.44)

செங்குன்றத்தில் டிசம்பரில் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கும்?

ஷட்டில்பைத்தியம் (புதன், இரவு 8.30)

புரிந்துவிட்டது சார். சைட் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டேன், மழைக்காலத்தில் தரை மட்டத்துக்கே வந்துவிடுமாம். தண்ணீரில் மூழ்கினால் அது மேலே தள்ளும், கன மீட்டருக்குக் கான்கிரீட்டின் எடை 24 கிலோநியூட்டனுக்குப் பதில் 14, மண்ணுக்கு 18க்குப் பதில் 8. அதே இரண்டு மீட்டர் ஃபுட்டிங் 59 ஆகிவிடுகிறது, பாதி போச்சு. பிளின்த் பீமையும் (தரைமட்ட உத்திரம்), மேலே வருகிற 1.2 மீட்டர் செங்கல் சுவரையும் தூணோடு கட்டினால் ஒரு பே-க்கு 48 கிடைக்கிறது. ஃபுட்டிங்கை 2.2 மீட்டராக்கினால் 71. இரண்டும் சேர்ந்து 119, 0.9 மடங்கு 107. பிளின்த் பீம் மேல்நோக்கி வளையும் என்பதால் மேல் கம்பியும் சரிபார்த்தேன்.

மேலே சேமித்த எடையெல்லாம் மண்ணுக்கடியில் போய்ச் சேர்ந்தது. ஓனரிடம் இதை எப்படிச் சொல்வது என்று யாராவது சொல்லிக் கொடுங்கள்.

வெல்டர் மகன் (புதன், இரவு 8.55)

ஷட்டர் பிய்ந்த கதையைச் சொல்லுங்கள். காற்றுவாக்கில் அண்ணன் எழுதியதை அப்படியே படித்துக் காட்டுங்கள், காது அடைத்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி.

ஷட்டில்பைத்தியம் (மூன்று வாரம் கழித்து, சனி, மாலை 4.10)

ஓனர் சம்மதித்துவிட்டார். டை, பிரேசிங், ஃபுட்டிங் எல்லாம் வரைபடப்படி. இன்றைக்கு முதல் இரண்டு ட்ரஸும் ஏறின, ரோப் போட்டு, நடுவில் பர்லின் எல்லாம் முடிந்த பிறகுதான் கொக்கியைக் கழற்றினோம். தொய்வை அளந்து எழுதி வைத்திருக்கிறேன், கணக்கில் 6 மிமீ, டேப்பில் 7. ஃபேப்ரிகேட்டர் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்.

அவசரமாக ஒன்று. எலக்ட்ரீஷியன் திங்கள்கிழமை வருகிறார். டை பைப் வசதியாக நேர்கோட்டில் போகிறது, லைட்டும் பெரிய ஃபேனும் அதில் தொங்கவிடலாமா என்று கேட்கிறார்.

மலர்_ஸ்டீல் (சனி, மாலை 4.25)

டையில் வேண்டாம். அது வளையாமல் நேராக இருந்தால்தான் கார்டைப் பிடிக்கும். லைட்டை ட்ரஸ் கணுவில் தொங்கவிடட்டும். ஃபேனுக்கு எடையும் சுழற்சியும் தெரிந்தால்தான் பேச முடியும், கேட்லாக் வாங்கிப் போடுங்கள். அப்புறம் கிளாம்ப்தான், குழாயில் ட்ரில் போட விடாதீர்கள். திங்கள் காலையில் நீங்களே சைட்டில் இருங்கள்.